செப்புக் காசுக்கு விலை பார்ப்பது எப்படி?

கேள்வி: பழைய வீடு வாங்கினோம். பரணில் ஒரு டப்பா நிறைய லிங்கன் சென்ட் (லிங்கன் உருவம் போட்ட அமெரிக்க ஒரு சென்ட் காசு) கிடைத்தது. 1909 முதல் 1958 வரை எல்லா ஆண்டும் கலந்து கிடக்கின்றன. எதை எடுத்துவைக்க வேண்டும்?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: பழசு என்பதற்காக மட்டும் விலை ஏறாது. ஆண்டு, மின்ட் மார்க் (எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து), தேய்மானம் இந்த மூன்றும் சேர்ந்துதான் விலை. ஆண்டுக்குக் கீழே டி என்றிருந்தால் டென்வர், எஸ் என்றிருந்தால் சான் பிரான்சிஸ்கோ. எழுத்தே இல்லையென்றால் பெரும்பாலும் பிலடெல்பியா. டப்பாவைக் கொட்டி ஆண்டுவாரியாகப் பிரித்துவிட்டு எழுத்தைப் பாருங்கள். 1940, 50களின் தேய்ந்த காசுகள் சில சென்ட்டுக்குத்தான் போகும்.

தனியே எடுக்க வேண்டியவை: பின்பக்க அடியில் வி.டி.பி. (காசை வடிவமைத்தவரின் பெயர்ச் சுருக்கம்) என்றிருக்கும் 1909 எஸ் (அடித்ததே 4,84,000), 1914 டி, 1931 எஸ், ஆண்டும் வாசகமும் அப்படியே இரட்டையாகத் தெரியும் 1955. எழுத்தில்லாத 1922ஐயும் எடுத்துவையுங்கள். அந்த ஆண்டு டென்வரில் மட்டுமே சென்ட் அடித்தார்கள். அச்சுக் கோளாறால் டி விழாமல் போனது. அதிலும் பின்பக்கம் பளிச்சென்று விழுந்த வகைக்குத்தான் பெரிய விலை.

1914 டி கிடைத்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். 1944 டி காசின் முதல் 4ஐச் செதுக்கி 1 ஆக்கும் வேலை நிறைய நடந்திருக்கிறது. பத்து மடங்கு லென்ஸில் லிங்கனின் தோள் விளிம்பைப் பாருங்கள். அங்கே பொடி எழுத்தில் வி.டி.பி. இருந்தால் காசு போலி. அந்த எழுத்து தோளுக்கு வந்ததே 1918இல்தான். 9க்கும் 1க்கும் நடுவே இடைவெளி அகலமாக இருப்பதும் காட்டிக்கொடுக்கும்.

விலையைத் தேடும்போது விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிடுங்கள். ஏலத்தில் விற்று முடிந்த விலைதான் கணக்கு.

கேள்வி: என்னிடம் செப்பு நிறத்தில் ஒரு 1943 சென்ட் இருக்கிறது. லட்சக்கணக்கில் போகுமாமே?
– வாசகி, டெக்சாஸ்

பதில்: உண்மையானதாக இருந்தால் போகும். ஆனால் அது மிக அபூர்வம். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறிப்போய் வெண்கல வில்லையில் விழுந்தவை மிகச் சில. முதலில் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் அது எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசியது. ஒட்டவில்லையென்றால் நகைத் தராசில் நிறுங்கள்: எஃகு 2.7 கிராம், வெண்கலம் 3.11 கிராம். எடையும் சரியாக வந்தால் 3ஐ உற்றுப் பாருங்கள். உண்மையான 1943இல் 3இன் வால் மற்ற எண்களைவிடக் கீழே இறங்கி நிற்கும். 1948இன் 8ஐ வெட்டி 3 ஆக்கியிருந்தால் அந்த இறக்கம் இருக்காது. இத்தனையும் தேறினால் மட்டும் பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. என்ற காசுத் தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: 1877 இந்தியன் ஹெட் சென்ட் (லிங்கன் சென்ட்டுக்கு முந்தைய ஒரு சென்ட் காசு) கறுத்துப்போயிருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகர், சிகாகோ

பதில்: தயவுசெய்து வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. காசுக்கு அது சாவு. புளியின் அமிலம் கறையோடு மேல் தோலையும் அரித்துவிடும். அச்சடித்தபோது விழுந்த நுண்ணிய வரிகள் போய், செத்த இளஞ்சிவப்பு நிறம் மிஞ்சும். அந்தக் காசுக்குத் தரச்சான்று நிறுவனம் தர எண் கொடுக்காது. சுத்தம் செய்தது என்று எழுதிவிடும். விலை பாதிக்கும் கீழே போகலாம்.

எண்ணெய்ப் பிசுக்கோ, மலிவான பிளாஸ்டிக் உறையால் வந்த பச்சைப் பிசினோ இருந்தால் சுத்த அசிட்டோன் போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடாது. கண்ணாடிக் கிண்ணத்தில் சில நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் ஒருமுறை முக்கி, துடைக்காமல் காயவிடுங்கள். அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பிறகு விளிம்பைப் பிடித்தே எடுங்கள். விரல் ரேகை செம்பில் பதிந்தால் போகாது.

1877இல் 8,52,500 மட்டுமே அடித்தார்கள், அதனால் போலியும் அதிகம். பின்பக்கத்தில் 'ஒன்' (ONE), 'சென்ட்' (CENT) இரண்டிலும் உள்ள N எழுத்து மங்கலாக, ஆழமில்லாமல் இருக்க வேண்டும். தலைப்பட்டையில் லிபர்ட்டி என்ற சொல்லின் எல்லா எழுத்தும் படிக்க வந்தால் நல்ல தரம். சொல்லே அழிந்திருந்தால் விலை வெகுவாக இறங்கும்.

கேள்வி: 1982 சென்ட்டில் செம்பு எது, துத்தநாகம் எது?
– வாசகர், அட்லாண்டா

பதில்: நிறுத்தால் தெரிந்துவிடும். 3.11 கிராம் என்றால் செம்பு, 2.5 என்றால் செம்பு பூசிய துத்தநாகம். செம்புக்காக உருக்க அமெரிக்காவில் தடை இருக்கிறது.