சொந்தமாக மெஷின் செய்தவன் பேட்டன்ட் எடுக்கலாமா? ஒரு லேத்துக்காரனின் பதில்

கேள்வி: புதுச்சேரியில் டிப்ளமோ முடித்தவன் நான். படகு இன்ஜின் சூடேறினால் அலாரம் கொடுத்து, தானாகவே டீசலை நிறுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி ஒன்று செய்திருக்கிறேன். பேட்டன்ட் எடுத்தால் பிரயோசனம் உண்டா, வெறும் தண்டச் செலவா?

பதில்:

எடு தம்பி. ஆனால் அது கையில் இருந்தால் எவனும் காப்பியடிக்க மாட்டான் என்று நம்பி எடுக்காதே. காப்பியடித்தவன் மேல் சிவில் கேஸ் போட ஓர் உரிமை, அவ்வளவுதான் பேட்டன்ட். போலீஸ் போய்ப் பிடிக்காது, சர்க்கார் போய்க் கேட்காது. நீதான் போக வேண்டும், உன் செலவில்.

நான் வக்கீல் இல்லை. கடலூர் செம்மண்டலம் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவன். "லேத்துக்காரனுக்கு எதற்குச் சட்டம்" என்று எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதலாம். பேட்டன்ட் என் பெயரில் இருக்கிறது, வருஷா வருஷம் பணம் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

எங்கள் பட்டறைக்குப் படகு ஷாஃப்ட், போர் பம்ப் புஷ், டிராக்டர் பின் என்று எல்லாம் வரும். பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கத்திலிருந்து முந்திரிக்கொட்டை வெட்டும் கட்டர்களும் ரிப்பேருக்கு வரும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேஜையில் எதிரெதிராக இரண்டு பிளேடு, கொட்டையின் வளைவுக்கு ஏற்ற மாதிரி வளைந்திருக்கும். நடுவில் ஒரு கொட்டையை வைத்துப் பெடலை மிதித்தால் பிளேடு ஓட்டைக் கடிக்கும். கைப்பிடியை ஒரு திருகு திருகினால் ஓடு பிளந்து பருப்பு வரும்.

சிக்கல் என்னவென்றால் ஓடு மூன்று மில்லிமீட்டர் கனம்தான், அந்தக் கனத்துக்குள்தான் எண்ணெய் இருக்கிறது. பிளேடு கொஞ்சம் ஆழமாக இறங்கினால் பருப்பில் வெட்டு விழும். முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைப்புக்கு வேறு விலை. டபிள்யூ 320 என்கிறார்களே, அது ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்கும் ரகம். வெட்டு விழுந்தால் அந்தக் கணக்கில் சேராது. சரி, பயந்து பிளேடை மேலே ஏற்றி வைத்தால் ஓடு திறக்காது. அப்போது பெண்கள் விரலால் நெம்புவார்கள். அந்த எண்ணெய் பட்ட இடம் வெந்து போகும்.

கட்டர் கொண்டு வந்த ஓர் அக்கா என்னிடம் கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கறுத்துத் தோல் உரிந்து, வழுவழுவென்று இருந்தன. "ரேஷன் கடையில ரேகை விழ மாட்டேங்குது தம்பி, வீட்ல சின்னப் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயி வைக்கச் சொல்றேன்" என்றார். பிளேடு செட்டிங்கை மாற்றித் தரச் சொல்லித்தான் அவர் வந்தார். மாற்றிக் கொடுத்தேன். அடுத்த மூட்டைக் கொட்டைக்கு அந்த செட்டிங் உதவவில்லை, திரும்பவும் வந்தார்.

இதற்குக் காரணம் உண்டு. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் எங்கள் மாவட்டத்து முந்திரித் தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. அதற்கு முன்னாலும் ஆப்பிரிக்கக் கொட்டை வந்துகொண்டுதான் இருந்தது, பிறகு அதை நம்பித்தான் பிழைப்பு என்றாகிவிட்டது. ஊர்க் கொட்டையும் கப்பல் கொட்டையும் கலந்தால் சைஸ் எப்படி ஒன்றாக இருக்கும்? சல்லடையில் பிரித்தாலும் ஒரே கண்ணில் விழுகிற கொட்டைகளில் ஒன்று தட்டை, ஒன்று உருண்டை.

நான் செய்தது இவ்வளவுதான். எல்லாக் கட்டரிலும் பிளேடு எவ்வளவு இறங்க வேண்டும் என்பது மேஜையிலிருந்து அளந்து வைக்கப்பட்டிருக்கும். நான் அதைக் கொட்டையின் தோலிலிருந்தே அளக்க வைத்தேன். பிளேடுக்கு இரண்டு பக்கமும் ஒரு தட்டு. தட்டு முதலில் போய்க் கொட்டையின் தோலில் உட்காரும். அதற்குப் பிறகு பிளேடு அந்தத் தட்டைத் தாண்டி ஓட்டின் கனம் அளவுக்குத்தான் நீளும், மேலே போகாது. கொட்டை பெரிதோ சிறிதோ, வெட்டு ஒரே ஆழம். தட்டைத் தோலில் அழுத்திப் பிடிக்க ஒரு சுருள் ஸ்பிரிங் போட்டேன். பட்டறையில் கிடந்தது அது. ரப்பர் கிடந்திருந்தால் ரப்பர் போட்டிருப்பேன்.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தில்தான் என் வயிற்றெரிச்சல் முழுவதும் இருக்கிறது.

பேட்டன்ட் விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்ய சென்னையில் ஓர் ஏஜென்ட் பிடித்தேன். எல்லா ஏஜென்ட்டும் இப்படி என்று சொல்ல வரவில்லை, நல்லவர்களும் இருக்கிறார்கள், கமென்ட்டில் சண்டைக்கு வர வேண்டாம். அவர் எழுதி அனுப்பிய முதல் கிளைமில், அதாவது எது என்னுடையது என்று உரிமை கோரும் வாசகத்தில், "சுருள் ஸ்பிரிங்கினால் அழுத்தப்படும் தட்டு" என்று இருந்தது. உடனே போன் போட்டேன். "சார், ஸ்பிரிங் முக்கியம் இல்ல. தோல்லேருந்து அளக்கிறதுதான் விஷயம். ஸ்பிரிங்க எடுத்துடுங்க" என்றேன். "அதெல்லாம் விவரணையில விளக்கமா இருக்கு சார், நீங்க கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே தாக்கல் செய்துவிட்டார்.

நிலப் பத்திரத்தில் செக்குபந்தி இருக்கும் இல்லையா, கிழக்கே இன்னார் மனை, மேற்கே வாய்க்கால் என்று? கிளைம் என்பது அந்தச் செக்குபந்திதான். உள்ளே எத்தனை தென்னை மரம் என்று பத்துப் பக்கம் வர்ணித்தாலும் எல்லைக்கு வெளியே விட்டது உன்னுடையது இல்லை.

பேட்டன்ட் ஆபீஸிலிருந்து ஆய்வு அறிக்கை வந்தது. ஆய்வாளர் இரண்டு பழைய சீன ஆவணங்களை எடுத்துப் போட்டு, இதில் புதுமை என்ன என்று கேட்டிருந்தார். இரண்டுமே அங்கே யூட்டிலிட்டி மாடல் என்ற வகையில் பதிவானவை. சின்னச் சின்ன மெஷின் திருத்தங்களுக்குச் சீனாவிலும் ஜெர்மனியிலும் அப்படி ஒரு பதிவு உண்டு, 10 வருஷப் பாதுகாப்பு, பெரிய சோதனை இல்லாமல் கிடைக்கும். நம் நாட்டில் அந்த வகையே கிடையாது. பட்டறையில் பிறக்கிற ஒரு திருத்தம் இங்கே பெரிய கம்பெனிக் கண்டுபிடிப்புகளோடு ஒரே வாசலில் நின்றுதான் உள்ளே போக வேண்டும். தெரிந்த பாகங்களை வெறுமனே சேர்த்து அடுக்கியது என்று பட்டால் பேட்டன்ட் சட்டத்தின் 3(எஃப்) பிரிவில் தள்ளிவிடுவார்கள். எனக்குத் தள்ளவில்லை. அந்தச் சீனக் கட்டர்கள் இரண்டும் மேஜையிலிருந்துதான் அளக்கின்றன என்று படம் போட்டு விளக்கினேன், ஒத்துக்கொண்டார்கள். அப்போதாவது ஸ்பிரிங்கை எடுத்துவிடலாம் என்று கேட்டேன். முடியாதாம். 59-ம் பிரிவுப்படி கிளைமைச் சுருக்கலாம், அகலப்படுத்தக் கூடாது.

பேட்டன்ட் வந்தது. கொஞ்ச நாளில் பண்ருட்டியில் ஒரு டீலர் கடையில் பச்சை பெயின்ட் அடித்த கட்டர் ஒன்று நின்றது. குனிந்து பார்த்தேன். அதே தட்டு, அதே அளவு. ஸ்பிரிங் இருந்த இடத்தில் மட்டும் ரப்பர் புஷ். அதைவிட வேடிக்கை, பெடல் கம்பி வருகிற இரும்பு ஆங்கிளில் ஒரு வெறும் ஓட்டை இருந்தது. என் மெஷினில் அந்த ஓட்டை ஏன் இருக்கிறது என்றால், வேறு வேலைக்கு ஓட்டை போட்டு மிஞ்சிய ஆங்கிளை நான் அதில் பயன்படுத்தினேன். அவன் புது ஆங்கிள் வாங்கி, அளந்து, டிரில் போட்டு அந்த ஓட்டையை வைத்திருக்கிறான். எதற்கு என்று அவனிடம் கேட்டிருக்க வேண்டும்.

நோட்டீஸ் அனுப்பினோம். "தங்களுடையது ஸ்பிரிங், எங்களுடையது ரப்பர்" என்று அவர்கள் வக்கீலிடமிருந்து ஒரு பக்கத்தில் பதில் வந்தது. சாரம் ஒன்றுதான் என்று வாதாடலாம் என்றார் எங்கள் வக்கீல். கூடவே இதையும் சொன்னார்: கேஸை மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், ஆனால் எதிராளி "அந்தப் பேட்டன்டே செல்லாது" என்று எதிர்க்கோரிக்கை வைத்த நிமிஷம் அது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். பட்டறையைப் பூட்டிவிட்டு நான் சென்னைக்கு அலைய வேண்டும்.

பஜாஜ், டி.வி.எஸ். கதை ஞாபகம் இருக்கும். ஒரே சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்த டி.டி.எஸ்.ஐ இன்ஜின் எங்கள் பேட்டன்ட் என்றது பஜாஜ். டி.வி.எஸ். ஃப்ளேம் வண்டி வந்தபோது 2007-ல் தகராறு ஆரம்பம். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை, 2009-ல் அதே நீதிமன்றத்தில் தடை நீக்கம், பிறகு உச்ச நீதிமன்றம். கடைசியில் 2019-ல் சமரசம். இரண்டும் எத்தனை பெரிய கம்பெனி! நான் கேஸ் போடவில்லை. "பயந்துட்டீங்களா" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் வக்கீல் ஃபீஸில் பங்கு தருகிறேன் என்று சொல்லவில்லை.

அப்புறம் ஏன் உன்னை எடு என்கிறேன்? பச்சை பெயின்ட்காரனுக்கு இழக்க ஒன்றும் இல்லை, அவன் பேட்டன்ட்டை மதிக்க மாட்டான். ஏற்றுமதி செய்கிற, பாங்கில் பெரிய கடன் வைத்திருக்கிற கம்பெனி மதிக்கும். வெளிமாவட்டத்திலிருந்து ஒரு மெஷின் கம்பெனிக்காரர்கள் வந்து, இந்தத் தட்டு அமைப்பை எங்கள் ஆட்டோமேட்டிக் மெஷினில் வைக்க உரிமம் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் என்னிடம் முதலில் கேட்டதே பேட்டன்ட் நம்பரைத்தான். தொகை பெரிதில்லை, வருகிறது. அந்தக் காகிதம் இல்லையென்றால் டீ வாங்கிக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

செலவு கேட்டிருந்தாய். தனி நபருக்கு ஆன்லைனில் விண்ணப்பம் 1,600 ரூபாய், ஆய்வுக் கோரிக்கை 4,000 ரூபாய். ஏஜென்ட் ஃபீஸ்தான் பெரிசு. பேட்டன்ட் கிடைத்த பிறகு சிறு தொழில் பதிவு இருந்தால் மத்திய அரசுத் திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை திரும்பக் கேட்கலாம். புதுப்பிப்பு 3-ம் வருஷத்திலிருந்து வருஷத்துக்கு 800 ரூபாயில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறும். மொத்த ஆயுள் தாக்கல் தேதியிலிருந்து 20 வருஷம்.

800 ரூபாயைப் பார்த்து மலைக்காதே. எங்கள் பட்டறை கரன்ட் பில்லைப் பார்த்தால் தெரியும் மலைப்பு. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏற்றினார்கள், நிலைக்கட்டணத்தையும் சேர்த்து. லேத் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் ஜாப் இல்லாமல் பட்டறை ஈ ஓட்டுகிற மாசத்திலும் மீட்டர்காரர் நோட்டில் அந்தத் தொகை நிற்கிறது. எத்தனை மனு, எத்தனை போராட்டம்! சரி, இது உன் கேள்வி இல்லை, விடு.

காலேஜ்காரர்கள் பேச்சைக் கேட்டு ஏமாறாதே, அதையும் சொல்லிவிடுகிறேன். 2021-லிருந்து கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடி. தர மதிப்பீட்டுக்கும் ரேங்குக்கும் எண்ணிக்கை வேண்டும் என்பதால் சில இடங்களில் கட்டுக் கட்டாகத் தாக்கல் செய்கிறார்கள். வெளியானதுமே "பேட்டன்ட் வாங்கிவிட்டோம்" என்று வாசலில் பேனர். விண்ணப்பம் 18 மாசத்தில் தானாக வெளியாகும், அதற்கும் பேட்டன்ட் கிடைத்ததற்கும் சம்பந்தம் இல்லை. கிடைக்காத பொருள் மேல் "பேட்டன்ட் பெற்றது" என்று ஸ்டிக்கர் ஒட்டினால் 120-ம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். கிடைத்த பிறகு ஒட்டும்போது நம்பரோடு ஒட்டு. வெறுமனே வார்த்தை மட்டும் இருந்தால், காப்பியடித்தவன் "எனக்குத் தெரியாது" என்று சொல்லி நஷ்டஈட்டிலிருந்து தப்பிக்கலாம்.

உன் பெட்டிக்கு வருகிறேன். இந்நேரம் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏதோ ஒரு படகில் மாட்டிப் பார்த்திருப்பாய். எத்தனை பேருக்குக் காட்டினாய், யாராவது வீடியோ எடுத்துப் போட்டார்களா என்று முதலில் யோசி. தாக்கலுக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டால் புதுமை போச்சு. முழுசாகத் தயாராகவில்லை என்றால் தற்காலிக விவரணை கொடுத்துத் தேதியைப் பிடித்துக்கொள், 12 மாசத்துக்குள் முழு விவரணை கொடுக்கலாம். புதுச்சேரிக்கும் சென்னை கிண்டி அலுவலகம்தான்.

சூடேறினால் நிறுத்துவது புதிது இல்லை, எத்தனையோ இன்ஜினில் உண்டு. உன் பெட்டி வேறு எதைச் செய்கிறது? உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் சென்சாரை உட்கார வைத்த விதமா? கடல் தண்ணீர் இழுப்பு அடைத்துக்கொண்டதா, இல்லை உண்மையிலேயே இன்ஜின் சூடா என்று பிரித்துச் சொல்லுமா? அலையில் படகைத் திருப்பும்போது டக்கென்று அணைந்துபோனால் ஆளைக் கொன்றுவிடும், அதற்கு என்ன வைத்திருக்கிறாய்? அதில் எது உன்னுடையதோ அதைக் கிளைம் பண்ணு. வெறும் புரோகிராமாக எழுதினால், புரோகிராமுக்கு மட்டும் பேட்டன்ட் இல்லை என்கிற 3(கே) பிரிவு வந்து நிற்கும். சென்சார், வால்வு, பெட்டி, இவை ஒன்றோடொன்று எப்படி வேலை செய்கின்றன என்று பொருளாக எழுத வை. முதல் கிளைமில் வருகிற ஒவ்வொரு பாகத்தையும் காட்டி ஏஜென்ட்டிடம் கேள்: "இதை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டால் என் பெட்டி வேலை செய்யுமா?" செய்யும் என்றால் அந்த வார்த்தை அங்கே இருக்கக் கூடாது. அவர் எரிச்சல்படுவார், படட்டும், ஃபீஸ் வாங்குகிறார் இல்லையா.

ஏஜென்ட்டிடம் போகும் முன்னால் பேட்டன்ட் ஆபீஸ் தளத்தில் நீயே தேடிப் பார், இலவசம்தான். இன்பாக்ஸில் டிராயிங் அனுப்பி "பாத்துச் சொல்லுங்க அண்ணா" என்று கேட்காதே. தாக்கல் பண்ணி விண்ணப்ப நம்பர் வாங்கிய பிறகு அனுப்பு, அப்போது பார்க்கிறேன்.