சொல்லிவிட்டுத் தொடுவது – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 29 வயது. சென்னையில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் இரவு ஷிப்ட். போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார். லீவு போட்டுவிட்டு நான்தான் பார்த்துக்கொண்டேன். அதிலிருந்து நர்சிங் படிக்க வேண்டும் என்ற எண்ணம் விடவே இல்லை. ப்ளஸ் டூவில் உயிரியல் எடுத்தவன். சம்பளம் எனக்குப் பெரிதில்லை, இதைச் சேவையாகத்தான் நினைக்கிறேன். ஆனால் ஆறு மாதமாக மனைவியிடம் சொல்லவில்லை. அவள் தனியார் பள்ளி ஆசிரியை. மூன்று வயதில் மகள் இருக்கிறாள். 'ஆம்பளை நர்ஸா' என்று அவள் வீட்டில் சிரிப்பார்கள். வயதும் ஆகிவிட்டது. எப்படிச் சொன்னால் அவள் சம்மதிப்பாள்? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் என் அம்மாவின் திதி. வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, இலைகளை எடுத்துப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவை நினைத்ததைவிட அவளைப் பார்த்துக்கொண்ட ஒரு செவிலியரைத்தான் அதிகம் நினைத்தேன். மறுநாள் காலை உங்கள் கடிதம் வந்திருந்தது. அதனால்தான் முன்னால் வந்த கடிதங்களை விட்டுவிட்டு இதற்கு எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். ஆண் செவிலியர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். 'பிரதர்' என்று கூப்பிடுகிறோம், வருகிறார்கள். சிரிக்கிற உறவினர்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை. வயது? சேர்க்கைக்கு வரம்பு உண்டு. இந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். ஆறு மாதமாக யோசிக்கிறவர் அதைக்கூடப் பார்க்காமல் 'வயதாகிவிட்டது' என்று எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, 'சேவை'க்கு வருகிறேன்.

அம்மாவுக்கும் பக்கவாதம்தான். வலது பக்கம் முழுக்கப் போய், பேச்சும் போய், 22 நாள் மருத்துவமனையில் இருந்தாள். நாங்கள் பேசுவது அவளுக்குப் புரிகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. இரவு டூட்டிக்கு ஒரு பெண் வருவாள், இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பாள். தொடுவதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும், குனிந்து காதருகில் சொல்வாள்: "அம்மா, இடது பக்கம் திருப்பப் போறேன். கை கொஞ்சம் சில்லுனு இருக்கும்." சொல்லிவிட்டு இரண்டு நொடி நிற்பாள். பதில் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நிற்பாள். அப்புறம்தான் கை வைப்பாள்.

ஒரு நாள் விடியற்காலை அம்மாவின் முதுகுக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. நான் பயந்துபோனேன். அவள் கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தி எடுத்தாள். "பாருங்க, அழுத்தினா வெளுத்துட்டுத் திரும்ப சிவக்குது. ரத்த ஓட்டம் இருக்கு. அழுத்தியும் வெளுக்கலைன்னாதான் புண்ணு ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்" என்றாள். பிறகு அம்மாவின் கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணையைக் கொடுத்து, குதிகால் இரண்டும் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி வைத்தாள். நான் அதுவரை பாசத்தோடு குதிகாலுக்கு அடியிலேயே தலையணை வைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் பாசம் அம்மாவுக்குப் புண்ணைக் கொண்டுவந்திருக்கும், தம்பி. அந்தப் பெண்ணின் படிப்புதான் தடுத்தது. அதைச் சேவை என்று சொன்னால் அந்தக் கட்டைவிரலுக்குள் இருந்த அறிவை இல்லையென்று சொல்வதாகும். வேலூர் சி.எம்.சி.யில் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கிவிட்டார்கள். 1946-லேயே அங்கே அது பட்டப்படிப்பாகிவிட்டது. இன்று பி.எஸ்சி. நர்சிங் என்றால் நான்கு வருஷம். உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல் எல்லாம் படித்தாக வேண்டும். மருந்தின் அளவைக் கணக்குப் போடுவதில் ஒரு புள்ளி இடம் மாறினால் உயிர் போகும். இதைச் செய்கிறவரைப் பார்த்து நாம் 'எவ்வளவு பெரிய சேவை' என்று கைகூப்புகிறோம். சம்பளம் என்று வரும்போது அதே கையை விரித்துவிடுகிறோம்.

2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதித் தமிழக அரசுப் பணிக்கு வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்குக் கொடுத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் பணி நிரந்தரம் என்ற பேச்சோடு சேர்ந்தவர்கள். அது நடக்காமல் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில், அதாவது மருத்துவத் துறையின் இயக்குநரக வளாகத்தில், வந்து போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். அப்போது, சேவை செய்ய வந்தவர்கள் இப்படிப் போராடலாமா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. தனியார் மருத்துவமனைகளின் நிலைமையைப் பார்த்து உச்ச நீதிமன்றம் 2016-இல் ஒரு குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட செவிலியரின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. உங்கள் பகுதியில் இருக்கும் சின்ன மருத்துவமனைகளில் என்ன தருகிறார்கள் என்று ஒருநாள் விசாரித்துப் பாருங்கள். 'சம்பளம் பெரிதில்லை' என்று எழுதுகிற ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்கிற செவிலியரின் சம்பளத்தையும் சேர்த்தே குறைக்கிறார்கள். உங்களுக்கு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரியை வேறு எங்கும் எழுதாதீர்கள்.

உங்கள் வீட்டில் சம்பளம் யாருக்குப் பெரிது என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் மனைவிக்குத்தான் பெரிது. நீங்கள் வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போனால் நான்கு வருஷம் வாடகை, பால், மகளின் பள்ளிக் கட்டணம், உங்கள் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அந்தத் தனியார் பள்ளிச் சம்பளத்தில்தான் ஓட வேண்டும். வீட்டைச் சுமக்கப்போகிறவள் அவள். விஷயம் தெரிந்திருப்பது எனக்கு. ஊர் பேர் தெரியாத, கதை எழுதுகிற ஒரு கிழவியிடம் ஆறு மாத மனசைக் கொட்டிவிட்டு, பக்கத்தில் படுத்திருப்பவளைச் சம்மதிக்க வைக்க வழி கேட்கிறீர்கள். அவள் என்ன எதிராளியா, பேசி மடக்குவதற்கு?

கணக்கைப் பாதியிலேயே அவள் முன்னால் வையுங்கள். முழுக்க முடிவெடுத்துவிட்டுப் போனால் அவள் செய்ய மிச்சமிருப்பது தலையாட்டுவது மட்டும்தான். 'எனக்கு இப்படி ஒரு ஆசை வந்திருக்கிறது, எனக்கே பயமாக இருக்கிறது' என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அந்தச் செவிலியப் பெண் நின்ற மாதிரி நில்லுங்கள். உங்கள் மனைவி வேண்டாம் என்று சொல்லலாம். இரண்டு வருஷம் போகட்டும் என்று சொல்லலாம். ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று அழலாம். அதுதான் நடக்கும் என்று எனக்குப் படுகிறது.

23-ஆம் நாள் விடிவதற்கு முன் அம்மா போய்விட்டாள். மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டுப் போன பிறகு அந்தப் பெண் கட்டிலுக்கு அருகே வந்தாள். மூக்கில் இருந்த குழாயை எடுக்க வேண்டும். வழக்கம்போலக் குனிந்தாள். "அம்மா, டியூப் எடுக்கப் போறேன்" என்றாள். இரண்டு நொடி நின்றாள். அப்புறம்தான் பிளாஸ்திரியை உரித்தாள், கன்னத்துத் தோல் இழுபடாமல், இன்னொரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு.

சனிக்கிழமை உங்களுக்கு ஷிப்ட் இருக்காது என்று நினைக்கிறேன். குழந்தை தூங்கிய பிறகு பேசுங்கள்.

அன்புடன்.

பி.கு.: உங்கள் மனைவி இதை இங்கே படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால் முதலில் உங்களுக்கு மட்டும் அனுப்பினேன். 'சொல்லிவிட்டேன்' என்று நேற்று ஒரு வரி வந்தது, அதன் பிறகே வெளியிடுகிறேன். அவள் என்ன சொன்னாள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டாம்.