நேரில் பளிச், போட்டோவில் சாம்பல்: மணப்பெண் மேக்கப்பில் எங்கே தவறுகிறது?

கேள்வி: நிச்சயதார்த்தப் படங்களில் என் முகம் மட்டும் திருநீறு பூசியது போல வெளுத்திருக்கிறது. கழுத்தும் கையும் என் நிறத்திலேயே இருக்கின்றன. நேரில் பார்த்தவர்கள் நன்றாக இருந்ததாகத்தான் சொன்னார்கள். நான் மாநிறம். தை மாதம் கல்யாணம், காலை 6 மணிக்கு முகூர்த்தம். இந்த முறை என்ன செய்யலாம்?

பதில்: நேரில் நன்றாக இருந்து படத்தில் மட்டும் வெளுத்திருந்தால், பெரும்பாலும் அது பிளாஷும் பவுடரும் சேர்ந்து செய்த வேலை. மேக்கப் கலையாமலிருக்க மேலே போடும் சில வெள்ளைப் பவுடர்களில் சிலிக்கா இருக்கும். சன்ஸ்கிரீன் கலந்த கிரீம்கள் பலவற்றில் ஸிங்க் ஆக்ஸைடோ டைட்டானியம் டை ஆக்ஸைடோ இருக்கும். பிளாஷ் நேராக அடித்தால் இவை வெளிச்சத்தை அப்படியே கேமராவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் முகூர்த்தத்துக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், விடியாத நேரத்தில் அதற்குத் தேவையுமில்லை. பவுடரும் மெலிதாகப் போதும்.

கழுத்து வேறு நிறமாகத் தெரிவதற்குக் காரணம் ஃபவுண்டேஷன். 'கல்யாணப் பொண்ணு கொஞ்சம் வெளுப்பா இருக்கட்டுமே' என்று ஓரிரு ஷேடு கூட்டிவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. ட்ரையலைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். தாடையில் தொடங்கிக் கழுத்து வரை ஒரு கோடு இழுத்து, ஜன்னலோரம் நின்று பாருங்கள். கோடு தெரியாமல் மறைந்தால் அதுதான் உங்கள் ஷேடு. அரை மணி நேரம் விட்டு இன்னொரு முறை பார்ப்பது நல்லது, சில ஃபவுண்டேஷன்கள் காய்ந்ததும் கறுக்கும். அப்புறம் அறையை இருட்டாக்கி, மொபைலில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளுப்பு வருமானால் அங்கேயே தெரிந்துவிடும். கல்யாணத்தன்று விடிகாலை 3 மணிக்கு மண்டபத்து டியூப்லைட்டில் ஷேடு தேடினால் சரியாக வராது.

மேடையில் ஹோமப் புகைக்குக் கண் கலங்கும், ஆகவே மையும் மஸ்காராவும் வாட்டர்ப்ரூஃபாக இருக்கட்டும். வியர்த்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும், அதன் மேலேயே பவுடர் போட்டால் திட்டுத் திட்டாகிவிடும். மாப்பிள்ளை வகிட்டில் குங்குமம் வைக்கும்போது மூக்கின் மேல் உதிரும். விரலால் துடைத்தால் சிவப்பாக இழுவிக்கொள்ளும், அடுத்து எடுக்கும் படங்களிலெல்லாம் மூக்கு சிவந்தே இருக்கும். பக்கத்தில் நிற்கும் தோழியிடம் ஒரு காய்ந்த பிரஷ் கொடுத்து வையுங்கள், மெல்லத் தட்டிவிட்டால் போய்விடும்.

டெக்கரேஷன்காரரிடம் ஒரு வார்த்தை: முகூர்த்த நேரத்தில் மேடையில் ஊதா, பிங்க் விளக்குகள் எரியக் கூடாது. அந்தச் சாயம் முகத்தில் விழுந்துவிட்டால் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்வது பெரும்பாடு. போட்டோகிராபரிடமும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பிளாஷை நேராக அடிக்காமல், கூரை வெள்ளையாக இருந்தால் அதில் பட்டுத் திரும்பும்படி அடிக்கச் சொல்லுங்கள். ஆல்பம் போடும்போது முகத்தை வெளுப்பாக்க வேண்டாம் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.