எழுதிக் கொடுத்தால் திருடியதாகிவிடுமா?

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் கூடப் படிக்கும் பையனின் 200 ரூபாய் காணாமல் போய்விட்டது. வகுப்பிலிருந்து கடைசியாக வெளியே வந்தவன் இவன்தான் என்று, எச்.எம். அறையில் காலையிலிருந்து சாப்பாட்டு மணி வரை நிற்க வைத்து மூன்று ஆசிரியர்கள் விசாரித்திருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் டி.சி. என்றார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து, "நான் எடுக்கலம்மா" என்று அழுகிறான். எதை நம்புவது?
- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன் சகோதரி. "இதுபோன்ற ஒழுங்கீனச் செயல்களில் இனி ஈடுபட மாட்டேன் என உறுதியளிக்கிறேன்." ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற தமிழா இது? 'ஒழுங்கீன' என்ற சொல்லை இரண்டு முறை அடித்து எழுதியிருக்கிறான், யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது அப்பட்டமாகத் தெரிகிறது. பணத்தை எப்போது எடுத்தான், என்ன செய்தான் என்று ஒரு வரிகூட இல்லை. அவன் எடுக்கவே இல்லை என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் இந்தக் காகிதத்தை வைத்து எடுத்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூன்று பெரியவர்கள் சுற்றி நின்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அந்த அறையை விட்டு வெளியே போக எது வழியோ அதைத்தான் பிள்ளை சொல்லும்.

பணத்தைத் தொலைத்த பையனுக்கும் பள்ளி பதில் சொல்லியாக வேண்டும், விசாரிக்கத்தான் வேண்டும். அதற்கு முதலில் உங்களுக்கு ஒரு போன் செய்திருக்கலாமே? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர்மேல் துறை நடவடிக்கை எடுக்கலாம். அப்புறம் அந்த டி.சி. மிரட்டல்: எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்கவே கூடாது என்கிறது 16ஆம் பிரிவு.

நாளைக்கே எச்.எம்.மைப் பாருங்கள். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும், நீங்கள் இருக்கும்போது மறுபடி விசாரிக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் போங்கள், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டுக்கும் பேசலாம்.

இன்று ராத்திரி அவனிடம், "எடுத்தியா, இல்லையா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதை நிறையக் கேட்டுவிட்டார்கள். சாப்பிட வைத்து, அந்த அறையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல்.