பிஸ்கட் பேணியில் எவ்வளவு மழை?

அன்புள்ள சேர்,

நான் மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலையில் தரம் 4 வகுப்பாசிரியை. ஆரம்பப் பிரிவிலேயே விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று அண்மையில் ஒரு செயலமர்வில் சொன்னார்கள். திரையில் காட்டிய வகுப்பறைகளில் றோபோ ஓடியது, பிள்ளைகளின் கையில் ரப்லெட் இருந்தது. எங்கள் பாடசாலையில் ஒரு கணினி இருக்கிறது, அதுவும் அலுவலகத்தில்.

இது எங்களைப் போன்ற பாடசாலைகளுக்குச் சரிவருமா? பெற்றோர் தரம் 3 முடியும்போதே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்று ரியூசனுக்கு அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? நான் கலைப் பிரிவில் படித்தவள். ஒரு பிள்ளை கேட்கும் விஞ்ஞானக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாமல் போகலாம் என்ற பயமும் இருக்கிறது.

போன தவணை ஐஸ்கிரீம் குச்சியில் பாலம் செய்தோம். பிள்ளைகளுக்கு நல்ல சந்தோஷம். ஆனால் முடிந்த பிறகு, இவர்கள் இதில் எதைப் படித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஓர் ஆசிரியை, படுவான்கரை

அன்புள்ள டீச்சர்,

கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பாலம் நின்றது, பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள், அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் விடவில்லை. இந்த ஒருங்கிணைந்த கற்பித்தல் பற்றிப் பேசுகிற பலர் கேட்காமல் தாண்டிப் போகும் கேள்வி அது.

2014இல் அமெரிக்காவின் தேசியப் பொறியியல் அக்கடமியும் தேசிய ஆராய்ச்சிச் சபையும் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. அதில் மூன்று விடயங்களை அழுத்திச் சொன்னார்கள். பாடங்களுக்கு இடையிலுள்ள தொடர்பைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் என்று விட்டுவிடக் கூடாது, ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லிக் காட்ட வேண்டும். இணைக்கிறோம் என்று ஒவ்வொரு பாடத்தின் சொந்த அறிவையும் மெலிய விடக் கூடாது. கூடக்கூட இணைத்தால் கூடக்கூட நன்மை என்றும் இல்லை. மூன்றும் உங்கள் ஐஸ்கிரீம் குச்சிப் பாலத்துக்கு அப்படியே பொருந்தும்.

அதே பாலத்தை இப்படிச் செய்திருந்தால்? இரண்டு மேசைகளுக்கு இடையே 30 சென்ரிமீற்றர் இடைவெளி. எல்லாக் குழுவுக்கும் ஒரே எண்ணிக்கையில் குச்சி. பாலத்தின் நடுவில் ஒவ்வொரு கொப்பியாக வைத்து, எத்தனையாவது கொப்பியில் வளைந்தது, எத்தனையாவதில் விழுந்தது என்று அட்டவணையில் எழுதுவது. பிறகு நான்கு குச்சியில் ஒரு சதுரமும் மூன்று குச்சியில் ஒரு முக்கோணமும் கட்டி, மூலையில் அழுத்திப் பார்ப்பது. சதுரம் சரியும், முக்கோணம் சரியாது. அதைக் கண்ட பிறகு, அதே அளவு குச்சியில் இரண்டாவது தடவை பாலம் கட்டுவது. அந்த இரண்டாவது தடவையில்தான் பொறியியல் இருக்கிறது. 2013இல் அமெரிக்க மாநிலங்கள் பல சேர்ந்து உருவாக்கிய விஞ்ஞானத் தராதரங்கள் பாலர் வகுப்பிலிருந்தே பொறியியலைச் சேர்த்தன. சின்னப் பிள்ளைகளிடம் அவை எதிர்பார்ப்பதும் இதுதான்: பிரச்சினையை அதன் எல்லைகளோடு சொல்வது, ஒரு தீர்வைச் செய்வது, சோதித்துத் திருத்துவது. கல்லடியில் 1924இல் திறந்த இரும்புப் பாலம் இன்றும் புதிய பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும் பிள்ளைகளிடம் இரும்புச் சட்டங்களை எப்படிக் கோர்த்திருக்கிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லலாம்.

ஆகவே எந்தச் செயற்பாட்டுக்கும் முதல் பாடக்குறிப்பில் இரண்டு வசனம் எழுதுங்கள். இதில் பிள்ளை கற்கும் கணிதம் இது. இதில் பிள்ளை கற்கும் விஞ்ஞானம் இது. எழுத வரவில்லை என்றால் அது கைவேலைப் பாடம். கைவேலையும் நல்லதுதான், அதை அதற்குரிய நேரத்தில் செய்யலாம்.

இனி, உங்கள் ஊருக்குச் சரிவருமா என்ற கேள்வி. மட்டக்களப்பில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கும். மூன்றாம் தவணையின் பாதிக்கு மேல் மழைதான். அதே காலத்தில்தான் பெரும்போக விதைப்பு. உங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் காலையும் மாலையும் மழைப் பேச்சாகத்தான் இருக்கும். இதைவிடப் பெரிய ஆய்வுகூடம் உங்களுக்கு எதற்கு?

ஒரு பிஸ்கட் பேணி, ஒரு பால்மாப் பேணி. இரண்டும் பக்கங்கள் நேராக நிமிர்ந்தவையாக இருக்க வேண்டும், அது முக்கியம். மழை வரும் என்று தெரிகிற நாளில் இரண்டையும் முற்றத்தில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். வைக்கும் முன் பிள்ளைகளிடம் கேளுங்கள்: நாளைக் காலையில் எந்தப் பேணியில் தண்ணீர் கூடுதலான உயரத்துக்கு நிற்கும்? பலர் பிஸ்கட் பேணி என்பார்கள், வாய் பெரிது என்ற காரணத்தோடு. சிலர் பால்மாப் பேணி என்பார்கள், ஒடுக்கமானதில் தண்ணீர் மேலே ஏறும் என்று. இரண்டும் நல்ல காரணங்கள். யார் சரி என்று சொல்லாதீர்கள். ஒவ்வொருவரும் தன் ஊகத்தைக் கொப்பியில் எழுதட்டும்.

மறுநாள் அடிமட்டத்தை விட்டு அளந்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே உயரம். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், திரும்ப அளப்பார்கள், அளக்க விடுங்கள். பிறகு பால்மாப் பேணியில் உள்ளதை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, பிஸ்கட் பேணித் தண்ணீரை அதற்குள் ஊற்றிக் காட்டுங்கள். உயரம் எங்கேயோ போகும். அளவு வேறு, உயரம் வேறு. வாய் பெரிதானால் கூடுதல் மழை பிடிக்கும், ஆனால் அந்த மழை கூடுதலான இடத்தில் பரவியும் நிற்கும். இதைப் பிள்ளைகள் தங்கள் வாயால் சொல்லும்வரை காத்திருங்கள். அன்றைக்கு வேறு பாடம் நடக்காவிட்டாலும் பரவாயில்லை. மழையை ஏன் மில்லிமீற்றரில் சொல்கிறார்கள் என்பது அந்தக் காலையிலேயே விளங்கிவிடும். வானொலியில் சொல்லும் மழை அளவுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாத பெரியவர்கள் நம்மிடையே நிறைய உண்டு.

அதற்குப் பிறகு மழைமானி செய்யலாம். இரண்டு லீற்றர் சோடாப் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, தலைகீழாக அதற்குள்ளேயே புனலாகச் செருகினால் போதும். ஆனால் போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும், அடிமட்டத்தின் பூச்சியத்தை எங்கே வைப்பது? காற்றடித்தால் விழும், என்ன செய்வது? அடியில் கல்லைப் போட்டு, பக்கங்கள் நேராகும் இடம்வரை தண்ணீர் விட்டு, அங்கே பூச்சியக் கோடு கீறலாம் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். சொல்லாவிட்டால் நீங்கள் ஒரு கல்லை மேசையில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். தூறல் நாளில் அடிமட்டத்தில் ஒன்றுமே தெரியாமல் போகும். அது தரம் 5க்கான கேள்வி: சின்ன மழையைப் பெரிதாகக் காட்டுவது எப்படி? வாய் அகலமாகவும் தண்ணீர் சேரும் குழாய் ஒடுக்கமாகவும் இருந்தால் உயரம் பெருகும். வாயின் பரப்பு குழாயின் பரப்பைப்போல் 10 மடங்கு என்றால், ஒரு மில்லிமீற்றர் மழை 10 மில்லிமீற்றராக நிற்கும். வானிலை நிலையங்களில் கையால் மழை அளக்கும் கருவி இந்த உபாயத்தில்தான் வேலை செய்கிறது. பிஸ்கட் பேணித் தண்ணீரைப் பால்மாப் பேணியில் ஊற்றிய பிள்ளைக்கு இது புதிதாக இருக்காது.

வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்வதையே ஒரு நாள் மழையாக எடுக்கிறது. நீங்களும் 8.30க்கே அளந்துவிடுங்கள். ஒவ்வொரு நாளும் இரண்டு பிள்ளைகள். சுவரில் ஒரு சலாகை வரைபு, நாளுக்கு ஒரு சலாகை. திணைக்களம் வெளியிடும் மட்டக்களப்பின் அளவையும் பக்கத்தில் எழுதினால், ஒரே மாவட்டத்துக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்ற கேள்வி தானாக வரும். ஒன்று மட்டும் கவனம்: அளந்ததும் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும், பூச்சியக் கோடுவரை விட்ட தண்ணீரையும் ஒவ்வொரு நாளும் மாற்ற வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அதுவும் பாடம்தான்.

இன்னொரு படி மேலே போக விரும்பினால், வகுப்பறைத் தரையில் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரம் கீறி, அதில் ஒரு லீற்றர் தண்ணீர் எவ்வளவு மெல்லிதாகப் பரவும் என்று யோசிக்கச் சொல்லுங்கள். சரியாக ஒரு மில்லிமீற்றர். அப்படியானால் 10 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் உள்ள இடத்தை மூடிய கூரையில் 20 மில்லிமீற்றர் மழை விழுந்தால்? 60ஐ 20ஆல் பெருக்க 1200 லீற்றர். வறட்சி மாதங்களில் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு காத்திருக்கும் ஊர்கள் படுவான்கரையில் உண்டு. அங்கே வளர்கிற பிள்ளைக்கு இந்தப் பெருக்கல் கணக்கின் பெறுமதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் லீற்றர் தாங்கி போதுமா, பீலியை எங்கே வைப்பது என்று அவர்களே கேட்பார்கள்.

மழையைப் பற்றி நீளமாக எழுதிவிட்டேன். நெல்லிலும் இப்படிச் செய்யலாம். விதைநெல்லில் நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பது. எத்தனை மணி முளைத்தால் அந்த நெல்லை விதைக்கலாம் என்று வீட்டில் கேட்டு வரட்டும். அம்பாறைக் கரையோரம் மருதமுனைப் பக்கம் உள்ள ஆசிரியர்களுக்குக் கைத்தறி இருக்கிறது. நெடுக்கே ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் எண்ணிக் கோலம் எழுப்புவது முழுக்கக் கணக்கு. அவரவர் ஊரில் என்ன இருக்கிறதோ அதை எடுக்கட்டும்.

றோபோவும் ரப்லெட்டும் வந்தால் நல்லது, வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்களிடம் நகரத்து இடைநிலைப் பாடசாலைக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. தரம் 6இலிருந்து பாடவேளைக்கு ஓர் ஆசிரியர் வந்து போவார், கணித ஆசிரியருக்கு விஞ்ஞானத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. உங்களுக்கோ பெரும்பாலும் முழு நாளும் ஒரே வகுப்பு. காலையில் அளந்த மழை கணித வேளையில் வரைபாகும், தமிழ் வேளையில் ஐந்து வசனக் குறிப்பாகும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடம் இப்படிப் பிரிக்காமல் படிப்பதற்காகவே இருக்கிறது. அதை வாசித்து ஒப்புவிக்கும் பாடமாக மாற்றிவிட்டோம் என்பது எனக்கு உண்மையான கவலை.

கலைப் பிரிவில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளை நாம் தமிழறிஞராகத்தான் கொண்டாடுகிறோம். அவர் விஞ்ஞானத்தில் இலண்டன் பட்டம் பெற்றவர், விஞ்ஞானம் கற்பித்தவர். பழந்தமிழ் யாழ்களை ஆராய்ந்தபோது சுரங்களைப் பின்னக் கணக்கில் வைத்துத்தான் ஆராய்ந்தார். கலை, விஞ்ஞானம் என்று நாம் போட்ட வேலி அவரிடம் இருக்கவில்லை. நீங்களும் அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. தரம் 4க்குத் தேவையான விஞ்ஞானத்தை ஒரு மாலையில் வாசித்துவிடலாம். பேணிச் சோதனையை மட்டும் வகுப்புக்கு முதல் வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். அதற்கு மேல் ஒரு பிள்ளை கேட்டால், "எனக்குத் தெரியாது, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேளுங்கள். டீச்சருக்கும் தெரியாத ஒன்று உண்டு, அதைத் தேடிப் போக வழியும் உண்டு என்று காண்பது பிள்ளைக்கு மிகவும் நல்லது.

பெற்றோர் விடயத்தில் வாதாட வேண்டாம். சலாகை வரைபை வாசிப்பது, அலகு மாற்றுவது, கோலத்தைத் தொடர்வது எல்லாம் புலமைப்பரிசில் பிள்ளைக்கும் தேவையான திறன்கள்தான். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளையே எழுந்து அந்த வரைபை விளக்கச் சொல்லுங்கள். வாரம் முழுவதும் இப்படிப் படிப்பிக்கவும் தேவையில்லை. வாய்ப்பாடும் வாசிப்பும் தினமும் தனியாக நடக்கட்டும். தவணைக்கு ஒன்று நன்றாக நடந்தால் நான் திருப்திப்படுவேன்.

குழுக்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பல வகுப்புகளில் ஆண்பிள்ளைகள் வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், பெண்பிள்ளைகள் அழகான எழுத்தில் எழுதிக்கொண்டிருப்பார்கள். கத்தரிக்கோலும் அடிமட்டமும் எல்லார் கைக்கும் மாறி மாறிப் போக வேண்டும். முடிவில் குழுவின் விளக்கப்படத்துக்குப் புள்ளி போடாமல், ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு, "இரண்டு பேணியிலும் ஏன் ஒரே உயரம்?" என்று கேளுங்கள். எதைப் படித்தார்கள் என்பதை அந்தப் பதிலில் பார்க்கலாம்.

மழை தொடங்கியதும் அளக்கத் தொடங்குங்கள், ஒரு மாத அட்டவணையை எனக்கு அனுப்புங்கள். வாகரையிலோ திருக்கோவிலிலோ இதை வாசிக்கும் ஆசிரியர்களும் அளந்து அனுப்பினால், எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போடுகிறேன். உங்கள் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.