ஏரிக்கரை வீட்டுக்கு எந்த வேலி போடலாம்?

ஏரியைப் பார்த்த வீடு வாங்கியிருக்கிறீர்கள், பார்வை மறையாமல் உறுதியாக நிற்கிற வேலி எது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாதவர்கள் தண்ணீர்ப் பக்கம் வேலி போட இவ்வளவு யோசிக்க மாட்டார்கள். அநேகமாக ஒரு மழைக்காலம்கூட அங்கே தங்கிப் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பொறியாளர் இல்லை. "இவருக்கு என்ன தெரியும்" என்று கிளம்புகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரை ஒட்டிக் குடியிருக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி.

தெருப் பக்க வேலியும் தண்ணீர்ப் பக்க வேலியும் ஒன்றே போல இருக்க வேண்டியதில்லை. தெருப் பக்கம் உங்கள் ரசனைப்படி என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பக்கம் மட்டும் காற்றும் நீரும் ஊடே புகுந்து போகிற வேலிதான் நிற்கும். இதைச் சொன்னபோது என்னை யாரும் மதிக்கவில்லை. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் இடைவெளியே இல்லாமல் பலகை அடித்து, அழகாகச் சாயம் பூசி வைத்திருந்தார்கள். நான் செங்குத்துக் கம்பி வைத்த இரும்பு வேலி போட்டதும், "என்ன, மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்கிறதே" என்று ஒருவர் என் வாசலிலேயே நின்று சொன்னார். சரி என்று சிரித்து வைத்தேன்.

திறந்த நீர்ப்பரப்பின் மேல் வருகிற காற்றைத் தடுக்க மரமோ கட்டடமோ கிடையாது. வேகம் இரண்டு மடங்கானால் அது வேலியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இடைவெளி இல்லாத பலகை அந்தக் காற்றை முழுசாக வாங்கிக்கொள்ளும், அந்தப் பாரம் எல்லாம் வேலிக்காலின் அடியில் போய்ச் சேரும். கரை மண்ணோ ஈரத்தில் ஊறி இளகியிருக்கும். ஒரு புயல் ராத்திரி முடிந்து விடிந்தபோது இரண்டு பக்கத்துப் பலகை வேலியும் காலோடு சாய்ந்து கிடந்தன. பாவம்தான், சந்தோஷப்பட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் தொழுவம் அப்படியே நின்றது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கம்பிவலை போடலாமே, அதிலும் காற்று போகுமே என்று யாராவது கீழே எழுதுவார்கள். போகும். நீர்மட்டம் ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும். பாசி, மிதக்கும் செடி, சுள்ளி, பிளாஸ்டிக் எல்லாம் வலைக் கண்ணில் அடைத்துக்கொள்ள, கொஞ்ச நேரத்தில் வேலியே ஒரு தடுப்பணை ஆகிவிடும். அப்புறம் நீரின் அழுத்தம் முழுக்க அதன் மேல்தான். செங்குத்துக் கம்பி வேலியில் நடுவே குறுக்குச் சட்டம் இல்லாமல், மேலே ஒன்று கீழே ஒன்று மட்டும் இருந்தால் குப்பை தங்குவது குறைவு. குழந்தைக்கும் கால் வைத்து ஏற இடம் கிடைக்காது. நீச்சல் குள வேலிக்குப் பல நாடுகளில் வைத்திருக்கும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்: உயரம் 1.2 மீட்டருக்குக் குறையாமல், கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் போகாமல்.

இரும்பு என்றதும் துருப் பேச்சு வரும். வேலியைத் துண்டு துண்டாக வெல்டிங் செய்து முடித்து, அதற்கப்புறம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள். முன்னமே பூசிய பைப்பைக் கொண்டுவந்து வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்து போகும், துரு முதலில் அங்கேதான் எட்டிப் பார்க்கும். பைப்பின் தலையில் மூடி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மூடி இல்லாத பைப்பில் மழைநீர் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். காலைச் சுற்றிப் போடும் கான்கிரீட்டின் மேற்பரப்பு குழிவாக இருக்கக் கூடாது. சற்று மேடாக எழுப்பி, நீர் வெளிப்பக்கம் வழிகிற மாதிரி சரித்துவிட வேண்டும். மரக்கால் உளுத்துப் போவதும் இரும்புக்கால் அரிபடுவதும் பெரும்பாலும் தரைமட்டத்தை ஒட்டிய அந்த நாலு விரல் உயரத்தில்தான், ஏனென்றால் ஈரமும் காற்றும் ஒன்றாகச் சேர்கிற இடம் அது.

அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது. ஈரமான கான்கிரீட் நேரடியாகப் படுவதும் சாதா இரும்புத் திருகாணி போடுவதும்தான் அதற்கு ஆகாது. கண்ணாடித் தடுப்பு படத்தில் நன்றாக இருக்கும், நேரில் நீர்த்துளி காய்ந்த கறையைத் துடைத்துத் துடைத்துக் கை ஓயும். பறவைகளும் தெரியாமல் வந்து மோதும். அதைத் தவிர்க்க 5 செ.மீ.க்கு ஒரு புள்ளி ஒட்ட வேண்டும், ஒட்டினால் உங்கள் பார்வை போச்சு.

பார்வை என்றதும் ஞாபகம் வருகிறது. ஏரியோரம் வீடு என்று தெரிந்த நாளிலிருந்து, கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்த சொந்தமெல்லாம் "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்று வந்து இறங்குகிறது. இந்தப் பக்கம் வேறு எங்கேயும் போகிற வழியே கிடையாது! துண்டு கொண்டுவர மாட்டார்கள், ஈரக்காலோடு மெத்தையில் ஏறுவார்கள், போகும்போது "உங்களுக்கென்ன, தினமும் விடுமுறைதான்" என்பார்கள். அந்தத் துண்டுகளை யார் துவைக்கிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. இதற்கு எந்த வேலியும் உதவாது, கேள்விக்கும் சம்பந்தமில்லை, விடுங்கள்.

குழி தோண்டுவதற்கு முன் உங்கள் நிலம் எதுவரை என்று அளந்து பாருங்கள். நீர் ஏறி இறங்கும் கரைப்பகுதி பல இடங்களில் பொதுச்சொத்து. எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்பதை உள்ளூர் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வேலி போடுகிற ஆள் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். கரையில் மண் சரிகிறது என்றால் வேலிக்கும் தண்ணீருக்கும் நடுவே வெட்டிவேர் நடலாம், வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக ஆழத்துக்கு இறங்கி மண்ணைப் பிடிக்கும்.

கடைசியாக கேட். வீட்டுப் பக்கம் இழுத்தால் திறக்கிற மாதிரி வையுங்கள், குழந்தை முட்டித் தள்ளினாலும் திறக்காது. தானாக மூடிக்கொள்ள வேண்டும், தாழ்ப்பாள் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். வேலியை ஒட்டி நாற்காலி, பூந்தொட்டி எதுவும் வைக்காதீர்கள், ஏறிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஏறிக் குதித்தது குழந்தை இல்லை, மேலே சொன்ன விருந்தாளிகளில் ஒருவர். கேட்டைத் திறக்கத் தெரியவில்லையாம்.