நுரை இல்லாத இடத்தில் நிற்காதீர்கள்: படகுப் பிக்னிக் கேள்வி-பதில்

ரோஸ் ஹில் வாசகர்: தைப்பூசக் காவடி முடிந்த ஞாயிற்றுக்கிழமை 14 பேர் கிளம்புகிறோம். படகில் 12 பேர் என்று எழுதியிருக்கிறது. மூன்று பேர் சின்னப் பிள்ளைகள்தான். சமாளிக்கலாமா?

முடியாது. மடியில் உட்காரும் பிள்ளையும் ஒரு தலைதான். பிரியாணி அண்டா, ஐஸ் பெட்டி, பானப் புட்டிகள் எல்லாம் சேர்ந்தால் 100 கிலோவை எளிதாகத் தாண்டும். 12 என்று எழுதியிருந்தால் சாமான்களோடு 10 பேர் என்று கணக்கு வையுங்கள். இரண்டு படகு எடுங்கள். மொரீஷியஸில் ஜனவரி, பிப்ரவரி புயல் காலம். புயல் பல நூறு கி.மீ. தள்ளி இருந்தாலும் அதன் அலை முன்னதாகவே இங்கே வந்து சேரும். வானிலை அறிக்கையை முந்தின இரவும் கிளம்பும் காலையும் கேளுங்கள்.

காத்ர் போர்ன் வாசகி: மேற்குக் கரையில் லகூனுக்குள்ளேயே (கரைக்கும் பவளத்திட்டுக்கும் இடைப்பட்ட நீரில்) சுற்றப் போகிறோம். குளம் மாதிரி இருக்கிறது. கடல் ஏற்ற-வற்ற அட்டவணை பார்த்து வற்றும் நேரத்தைத் தவிர்த்தால் நீரின் இழுப்பு இருக்காதுதானே?

இருக்கும். ‘குளம் மாதிரி’ என்று எழுதாத கடிதமே வருவதில்லை. வாடகைப் படகுக்காரர்களில் சிலரும் இதையே சொல்லி அனுப்புகிறார்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அட்டவணையை விடுங்கள். மொரீஷியஸில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அதிகம் போனால் அரை மீட்டர் சொச்சம். இங்கே லகூன் நீரை ஓட்டுவது பெரும்பாலும் அலை. தீவைச் சுற்றி ஏறக்குறைய 150 கி.மீ. நீளத்துக்குப் பவளத்திட்டு இருக்கிறது. அதன்மேல் உடையும் ஒவ்வோர் அலையும் கொஞ்சம் நீரை உள்ளே தள்ளுகிறது. அந்த நீர் வந்த வழியே திரும்ப முடியாது; அடுத்த அலை மறிக்கிறது. பெரிய அலை நாளில் லகூன் மட்டமே ஒரு சாண் உயர்ந்துவிடும். சேர்ந்த நீர் கரைக்கு இணையாக நகர்ந்து, திட்டு அறுந்திருக்கும் பாஸ் வழியாகக் கடலுக்குப் போகிறது. உள்ளே வரும் வழி கிலோமீட்டர் கணக்கில் அகலம். வெளியே போகும் வாய் நூறு, இருநூறு மீட்டர். அதனால்தான் அந்த இடத்தில் வேகம் கூடுகிறது. அலை பெரிதாக இருக்கும் நாளில் ஏற்றத்தின்போதும் பாஸில் நீர் வெளியேதான் ஓடும்.

கண்ணை ஏமாற்றுவதும் இந்தப் பாஸ்தான். அது ஆழமானது; ஆழத்தில் அலை உடைவதில்லை. இருபுறமும் வெள்ளை நுரை பொங்க, நடுவில் கருநீலமாக அமைதியான ஒரு பட்டை தெரியும். பிள்ளைகளுக்கு நல்ல இடம் என்று அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். நுரை இல்லாத அந்த இடம்தான் நீர் வெளியேறும் வாய்.

மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னொன்றும் சேர்கிறது. தென்கிழக்குக் காற்று தீவைக் கடந்து வந்து, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் நீர் வழவழவென்று கிடக்கும். அதே மாதங்களில், தெற்கே வெகுதொலைவில் பிறந்த நீண்ட அலை தென்மேற்கிலிருந்து வந்து திட்டில் மோதும். மேலே காற்று வெளியே தள்ள, கீழே நீர் வெளியே இழுக்க, உங்கள் படகு பாஸை நோக்கி நகரும். யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நீர் அசையாதது போலத்தான் இருக்கும்.

அலை சீராகவும் வருவதில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் சின்ன அலைகள், பிறகு ஐந்தாறு பெரிய அலைகள். அவை உடைந்த சற்று நேரத்தில் பாஸில் வேகம் ஏறும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். 20 நிமிடம் பாருங்கள். இழுப்பு வினாடிக்கு 1 மீட்டரைத் தொடுவது சாதாரணம். சாதாரணமாக நீந்தும் பெரியவரால் அதில் பாதி, முக்கால் வேகத்துக்குமேல் நீண்ட நேரம் நீந்த முடியாது.

ஆகவே பாஸிலிருந்து 400 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். திட்டுக்கு வெளியே அலை 2.5 மீட்டர் என்று வானிலை அறிக்கை சொன்னால் பிள்ளைகளை நீரில் இறக்காதீர்கள். 3 மீட்டர் என்றால் கரையிலேயே பாயை விரித்துச் சாப்பிடுங்கள்.

ஃபிளாக் வாசகர்: இழுப்பில் மாட்டினால் பக்கவாட்டில் நீந்து என்கிறார்களே, சரியா?

மணல் கரையில் சரி. பாஸில் தவறு. பாஸில் பக்கவாட்டில் போனால் அலை உடையும் பவளத்தின்மேல் போய் விழுவீர்கள். நடுவிலேயே இருங்கள், மல்லாந்து மிதந்தபடி இருங்கள், ஒரு கையை உயர்த்தி அசைத்துக் காட்டுங்கள். திட்டைத் தாண்டியதும் நீர் விரிந்து வேகம் தணியும். அங்கே படகு வந்து எடுக்கும்வரை காத்திருங்கள். படகிலிருப்பவர்கள் யாரும் பின்னால் குதிக்கக் கூடாது. ஒருவர் கண்ணை எடுக்காமல் நீரில் இருப்பவரையே பார்த்துக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் படகை ஓட்டட்டும். நீரில் ஆள் இருக்கும் பக்கம் எஞ்சினை நியூட்ரலில் அல்ல, முற்றாக நிறுத்திவிட்டு எடுங்கள்.

பெயர், ஊர் இல்லாத கடிதம்: போன மாதம் எஞ்சின் நின்று பாஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. என்ன செய்திருக்க வேண்டும்?

படகின் நீளம், எஞ்சின் பலம், எந்தக் கரை, எவ்வளவு ஆழம், ஒன்றையும் எழுதவில்லை. நங்கூரம் ஐஸ் பெட்டிக்கு அடியில் இருந்தது என்பதை மட்டும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். கோளாறே அதுதான். எஞ்சின் நின்றால் முதலில் நங்கூரம், பிறகு எஞ்சின். அரை மணி நேரம் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு நங்கூரத்தைத் தேடினால், அதற்குள் அடி எட்டாத ஆழத்துக்கு வந்திருப்பீர்கள்.

நங்கூரக் கயிற்றின் மறுமுனை கிளம்பும் முன்பே படகில் கட்டப்பட்டிருக்க வேண்டும். நங்கூரத்தோடு 3 மீட்டர் சங்கிலி, அதன்பின் கயிறு. ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு விடுங்கள். காற்று பலமானால் ஏழு மடங்கு. 3 மீட்டர் லகூனுக்கு 15 முதல் 20 மீட்டர் போதும். பாஸில் ஆழம் 15 மீட்டர் என்றால் 75 மீட்டர் வேண்டும். அது உங்களிடம் இராது; எனவே லகூனுக்குள் இருக்கும்போதே போடுங்கள். அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) மட்டும் கட்டுங்கள். பின்பக்கம் கட்டினால் இழுப்பு அந்தப் பக்கத்தை அமுக்கி, எஞ்சின் பக்கமாகத் தண்ணீர் ஏறிவிடும். மணலில் போடுங்கள், பவளத்தில் அல்ல. புளூ பே கடற்பூங்காவில் அதற்கான மிதவைகளில்தான் கட்ட வேண்டும்.

படகு நின்ற பிறகு பாருங்கள்: நிறுத்துக் கயிறு (கழன்றால் எஞ்சினை அணைக்கும் பாதுகாப்புக் கயிறு) கழன்றிருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் பல்ப் அமுக்கினால் இறுகுகிறதா, இயந்திரச் சுழலியில் (ப்ரொப்பெல்லரில்) பிளாஸ்டிக் பையோ கயிறோ சுற்றியிருக்கிறதா. பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு.

மாயேபூர் வாசகர்: நிறுத்திய இடத்தில் நீரோட்டம் எவ்வளவு என்று கருவி இல்லாமல் அறிய முடியுமா? ஒரு பொருளை வீசிப் பார்த்தேன், அசையவே இல்லை.

நங்கூரம் போடாமல் வீசியிருப்பீர்கள். அப்போது படகும் பொருளும் ஒரே நீரில் சேர்ந்து மிதந்து போகும், ஒன்றும் தெரியாது. நங்கூரம் பிடித்த பிறகு, பாதி நீர் நிரப்பிய புட்டியில் 10 மீட்டர் மெல்லிய கயிறு கட்டிப் பின்பக்கம் விடுங்கள். காலிப் புட்டி வேண்டாம், காற்று அதைத் தள்ளும். கயிறு இறுக 40 வினாடிக்குமேல் ஆனால் இறங்கலாம். 20 வினாடி என்றால் துடுப்புக் காலணி போட்ட பெரியவர் மட்டும். 10 வினாடி என்றால் யாரும் இறங்க வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை திரும்ப அளவிடுங்கள். இல் ஓ செர்ஃப் தீவுப் பக்கம் இரு தீவுகளுக்கு நடுவிலுள்ள குறுகிய வாய்க்கால் போன்ற இடங்களில் சட்டென்று மாறும்.

இறங்குகிறவர்களுக்காக 30 மீட்டர் மிதக்கும் கயிற்றை, நுனியில் மிதவையோடு, பின்னால் விட்டு வையுங்கள். முகமூடி போட்டு மீன் பார்க்கிறவர்கள் முதலில் இழுப்புக்கு எதிராக நீந்துங்கள். களைத்த பிறகு நீரே படகுக்குக் கொண்டுவரும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். போவது சுகமாக இருக்கும், திரும்பத் தெம்பிருக்காது.

போ பாசேன் வாசகி: பிள்ளைகளுக்கு ஃபிளமிங்கோ மிதவை வாங்கியிருக்கிறோம்.

வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மேற்குக் கரைக் காற்று கடலை நோக்கி வீசுகிறது என்று மேலே சொன்னேன். அந்த மிதவை காற்றில் போகும் வேகத்துக்கு அப்பா நீந்தித் துரத்த முடியாது. ஏற்கெனவே போய்விட்டால் பிள்ளையை அதிலேயே படுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கத்துங்கள், படகில் போய் எடுங்கள்.

போர்ட் லூயிஸ் வாசகர்: அம்மாவுக்கு 68 வயது, நீச்சல் தெரியாது. புடவைதான் கட்டுவார். உயிர்காப்பு அங்கி தேவையா?

தேவை, கரையிலேயே போட்டு விடுங்கள். அங்கியிலுள்ள எடை அளவு அம்மாவின் எடைக்குப் பொருந்த வேண்டும். நீச்சல் தெரியாதவருக்கு மிதப்புத் திறன் 100 நியூட்டனுக்குக் குறையாதது, கழுத்துப் பட்டையோடு. 50 நியூட்டன் நீந்தத் தெரிந்தவர்களுக்கு. பிள்ளைகளுடையதில் தொடையிடுக்குப் பட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீரில் விழுந்ததும் அங்கி மட்டும் மேலே வரும். தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்: அங்கி காதுவரை ஏறினால் பெரிது. ஐந்தரை மீட்டர் நனைந்த துணி காலைச் சுற்றும், எனவே அன்று ஒருநாள் சுடிதார் போடச் சொல்லுங்கள். மறுத்தால் புடவைமேல் அங்கி, முந்தானை அங்கிக்குள்.

சூயாக் வாசகர்: கிரி-கிரி கடற்கரையில் கால் நனைக்கலாமா?

வேண்டாம். அங்கே திட்டு இல்லை. அலை நேராகப் பாறைக்கு வரும்.

திரியோலே வாசகர்: கைபேசி போதாதா, படகுகளில் பேசப் பயன்படும் வி.எச்.எஃப். ரேடியோவும் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். கைபேசி நீர் புகாத உறையில், உடம்போடு கட்டியபடி; 999 அல்லது 112. ரேடியோ மிதக்கும் வகை, 5 வாட், ஆபத்து அழைப்புக்கான சேனல் 16. அருகிலுள்ள படகுகளும் அதைக் கேட்கும், கைபேசியில் அது நடக்காது. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி ஒட்டி வையுங்கள்: படகின் பெயர், எந்தப் பாஸுக்கு எந்தத் திசையில் எவ்வளவு தூரம், எத்தனை பேர், அதில் பிள்ளைகள் எத்தனை, என்ன கோளாறு, நங்கூரம் பிடித்திருக்கிறதா. கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்; ஒரு மணி நேரம் தாண்டினால் அவர் கடலோரக் காவல் நிலையத்துக்குப் போகட்டும். ஆகஸ்டில் நீர் 23 டிகிரிதான், பிள்ளைகள் அதில் நீண்ட நேரம் தாங்க மாட்டார்கள்.